வழக்கத்துக்கு மேற்பட்ட பாசம்

நேபாளத்தில், தரான் ஊர் மணிக்கூண்டுக்கு எதிர்ச்சாரியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தவர். அவர்களுடைய குடும்பங்கள் அந்த நாட்டுக்கு அனுப்புகிற காகிதங்கள் பெரும்பாலும் என் இயந்திரத்தின் வழியாகத்தான் போகின்றன. கட்டின் தடிமனைப் பார்த்தே வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மனு என்றால் விரற்கடை. நிராகரித்த பிறகு ஒரு சாண். மேல்முறையீடு என்றால் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டும்.

இந்திரகலா ராய்க்கு அப்போது முப்பத்துநான்கு வயது. லான்ஸ் கார்ப்ரல் ஜஸ்பகதூர் ராயின் ஒரே மகள். அவர் பதினைந்து வருடம் பட்டாளத்தில் இருந்து, ஹாங்காங்கிலும் புருனேயிலும் காவல் நின்று, எண்பத்தாறில் ஓய்வு பெற்றார். அந்தக் காலத்தில் ஓய்வு பெற்றவர்களை பிரிட்டனில் குடியேற விடவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ள இருபத்துமூன்று வருடம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் இந்திரகலா பிறந்து, வளர்ந்து, பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டாள். தாண்டியவர்கள் பிள்ளைகள் ஆக மாட்டார்கள் என்று விதி இருந்தது. ஆகவே அம்மாவும் அப்பாவும் மட்டும் இங்கிலாந்தில் இருக்கிற ஆல்டர்ஷாட் போனார்கள். போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

போன நான்காம் வருடமே அம்மா மன்சராவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இயந்திரத்தை விட்டு அவளால் இங்கே திரும்பி வர முடியாது. அவளை விட்டு அவரால் வர முடியாது. மகள்தான் போக வேண்டும். அந்தப் பதினோராம் வருடம் அம்மா இரண்டு முறை இயந்திரத்திலேயே மயங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகு, இந்திரகலா மனுப் போட்டாள்.

நேர்காணலுக்குக் காத்மாண்டு போய் வந்தாள். விசா அலுவலகத்தில் ஒரு இளம் அதிகாரி, கழுத்தில் அடையாள அட்டையோடு, மிகவும் மரியாதையாகப் பேசினாராம். தண்ணீர் கூடக் கொடுத்தாராம்.

"வீட்ல குழாய் ஒழுகினா யார் சரி பண்ணுவாங்க?"

"நான்தான் சார்."

அவர் எழுதிக்கொண்டார்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா அப்பா அம்மாகிட்ட சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன் சார். அங்கருந்து அவங்களால என்ன பண்ண முடியும்? வீணாக் கவலைப்படுவாங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

"உங்க அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னாங்க. நான் கவலைப்படுவேன்னு."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னாராம்: "தப்பா நினைக்காதீங்க மேடம். பாசம் இல்லன்னு நாங்க சொல்லல. பாசம் எல்லாக் குடும்பத்துலயும் இருக்கும். இருக்கணும். அதுக்கெல்லாம் விசா குடுத்தா எங்க நாடு தாங்காது. தேவைக்கு மேல எவ்வளவு இருக்குன்னு பாக்கறதுதான் எங்க வேலை. அதுக்காக எனக்குத் தனியா மூணு நாள் பயிற்சி குடுத்திருக்காங்க."

எட்டு வாரத்தில் ஒன்பது பக்கக் கடிதம் வந்தது. அவள் அதை என் கடைக்குத்தான் எடுத்து வந்தாள். இங்கிலீஷ் தெரிந்தவள்தான், பி.எட். படித்தவள். ஆனாலும், "மாமா, நான் சரியாத்தான் படிக்கறேனான்னு பாருங்க" என்று நீட்டினாள்.

சரியாகத்தான் படித்திருந்தாள். குழாயைத் தானே பழுது பார்ப்பதால் மனுதாரர் சுதந்திரமாக வாழ்கிறார். நோயைப் பெற்றோரிடம் சொல்லாததால் மனரீதியாக அவர்களைச் சார்ந்திருக்கவில்லை. பெற்றோரும் நோயை அவரிடம் மறைத்திருப்பதால் இந்தக் குடும்பத்தில் நெருக்கமான உரையாடல் கிடையாது. முடிவாக, மனுதாரருக்கும் பெற்றோருக்கும் இடையே இருப்பது வழக்கமான பாசமே. வழக்கத்துக்கு மேற்பட்ட பாசம் நிரூபிக்கப்படவில்லை.

"வழக்கத்துக்கு மேலன்னா எவ்வளவு மாமா?"

"அது எழுதலையே."

கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே புகார் செய்ய வேண்டிய முகவரி இருந்தது.

மேல்முறையீட்டுக்கு அப்பா ஒரு வக்கீலைப் பிடித்தார். தேஜேந்திர தமாங். நம்மூர்க்காரர், அங்கேயே படித்தவர். என் கடையிலிருந்துதான் வீடியோவில் பேசினார்கள், காகிதம் உடனுக்குடன் அனுப்ப வசதி என்று.

"என்ன வேலை பாக்கறே, தங்கச்சி?"

"நர்சரி ஸ்கூல்ல மூணு மணி நேரம் பாடம் எடுக்கறேன், அண்ணா."

"நிறுத்திடு. சம்பாதிச்சா நீ தனி ஆளு."

நிறுத்தினாள். அடுத்த மாதமே விசா அலுவலகம் துணைக்கடிதம் அனுப்பியது. மனுதாரர் படித்தவர், உடல்நலம் உள்ளவர், வேலைக்குப் போகக்கூடியவர், போகாமல் இருப்பது அவருடைய விருப்பம் என்று அதில் இருந்தது.

"அப்ப மறுபடியும் சேந்துடவா, அண்ணா?"

"வேணாம். சேந்தா சேந்துட்டான்னு எழுதுவாங்க."

பிறகு தொலைபேசிக் கணக்கு வந்தது. அப்பாவும் மகளும் பதினோரு வருடமாகத் தினம் பேசுகிறார்கள். ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் ஒவ்வொரு பேச்சும் சுமார் நான்கு நிமிடம். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாலு நிமிஷத்துல என்னதான் பேசுவீங்க?"

"சாப்டியான்னு கேப்பார். சாப்டேன்னு சொல்வேன். மழை வந்துச்சான்னு கேப்பார். அம்மாவுக்கு எப்படின்னு கேப்பேன். அப்படியேதான்னு சொல்வார். வெச்சிடுவோம்."

"நீதிபதி இதைப் பாத்தா பால்காரனோட பேச்சுன்னு நினைப்பாங்க. இருபது நிமிஷமாவது இழுங்க."

இழுத்தார்கள். அந்த மாதம் முழுவதும் அவள் என் கடையிலிருந்தே பேசினாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன், சிரிக்கவும் முடியவில்லை. லான்ஸ் கார்ப்ரல் வாழ்நாளில் கட்டளைகளும் பதில்களும் தவிர வேறு பேசிப் பழகாதவர். சாப்பாடும் மழையும் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டு வாசலில் நிற்கிற பேருந்தின் நேர அட்டவணையைப் படிப்பார். ஏழு பதினைந்து. ஏழு முப்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அது முடிந்தால் அம்மாவின் மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பார். இவள், "ம்", "சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். இருபதாவது நிமிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் "வெச்சிடவா" என்பார்கள்.

விசாரணை நாள் ஜூன் மாதத்தில் விழுந்தது. அங்கே காலை பத்து, நமக்கு மத்தியானம் இரண்டே முக்கால். வழக்கு அவளுடையது. ஆனால் அவள் அங்கே போக விசா வேண்டும். விசா வேண்டும் என்பதுதான் வழக்கு. ஆகவே அவள் திரையில் பார்க்கலாம் என்று அனுமதித்தார்கள். பேசக் கூடாது. நேபாள மண்ணில் இருந்துகொண்டு சாட்சி சொல்வதற்கு வேறொரு துறை அனுமதி தர வேண்டும், அந்த விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. அவளுடைய ஒலியை அங்கிருந்தே அணைத்துவிட்டார்கள். திரையின் மூலையில் ஒரு சிறு சதுரத்தில், பச்சைப் புடவையில், வாய் மூடி உட்கார்ந்திருந்தாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

அன்று அம்மாவுக்கு இயந்திர நாள். மத்தியானத்துக்கு மேல்தான் இயந்திரம் என்பதால் அவளை வீட்டில் விட்டுவிட்டு அப்பா மட்டும் வந்திருந்தார். பழைய கோட்டு, மார்பில் இரண்டு பதக்கம், விறைப்பாக. நீதிபதி ஆஷ்வொர்த் என்கிற அம்மாள் ஜலதோஷத்தில் இருந்தார். மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அரசுத் தரப்பில் பெல்ஃபோர்ட் என்று ஒருவர், உயரமாக, வருத்தமான முகத்தோடு எழுந்தார். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

"ராய் அவர்களே, முதல்ல உங்க ராணுவ சேவைக்கு எங்க அரசு ரொம்ப நன்றிக்கடன் பட்டிருக்குன்னு சொல்லிக்கறேன்" என்றார் பெல்ஃபோர்ட்.

"சரி சார்."

"உங்க மக கூட மே மாசத்துக்கு முன்னாடி நாலு நிமிஷம் பேசியிருக்கீங்க. மே மாசத்துலருந்து இருபது நிமிஷம். திடீர்னு பாசம் அஞ்சு மடங்கு ஆயிடுச்சா?"

"வக்கீல் சொன்னார் சார்."

வக்கீல் தமாங் கண்ணை மூடிக்கொண்டார். இந்திரகலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த இருபது நிமிஷத்துல என்ன பேசினீங்க?"

"பஸ் டைம், சார்."

பெல்ஃபோர்ட் அதைக் குறித்துக்கொண்டு நீதிபதி பக்கம் திரும்பினார். "அம்மணி, எங்க தரப்பு வாதம் ரொம்ப எளிமையானது. இந்தக் குடும்பம் பதினோரு வருஷமா ஏழாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில இருந்திருக்கு. இன்னிக்கும் தினம் பேசறாங்க. அதாவது, பிரிஞ்சிருக்கறது இந்தப் பாசத்தை ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணலன்னா சேர்த்து வைக்க வேண்டிய தேவை என்ன?"

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவங்க தினம் பேசாம விட்டிருந்தா?"

"அப்ப பாசமே இல்லன்னு ஆகியிருக்கும், அம்மணி. எங்க வேலை சுலபமாயிருக்கும்."

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. முகத்தில் அதே வருத்தம்தான் இருந்தது. எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துக் களைத்தவர் போலத் தெரிந்தது.

"கடைசியா ஒரு கேள்வி, ராய் அவர்களே. நீங்க சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கீங்க. உங்க மக மேல உங்களுக்கு இருக்கறது வழக்கமா ஒரு அப்பாவுக்கு இருக்கற பாசமா, இல்ல வழக்கத்துக்கு மேற்பட்டதா?"

இந்தக் கேள்வி வரும் என்று வக்கீலுக்குத் தெரியும். ஒரு வாரமாக அப்பாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். "வழக்கத்துக்கு மேற்பட்டது சார்." மூன்றே சொல். போனில் தினமும் சொல்லிப் பார்த்ததை நானே கேட்டிருக்கிறேன்.

லான்ஸ் கார்ப்ரல் நிமிர்ந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தார்.

"வழக்கமானதுதான் சார்" என்றார்.

இந்திரகலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "இல்லப்பா. மேலன்னு சொல்லுங்கப்பா" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அவளுடைய சதுரத்தில் வாய் அசைந்தது. அங்கே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். எழுந்து நடமாடினால் இணைப்பைத் துண்டிப்போம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அவ்வளவுதான், அம்மணி" என்று பெல்ஃபோர்ட் உட்காரப் போனார்.

நீதிபதி கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். ராய் அவர்களே, வழக்கமானதுன்னா எதைச் சொல்றீங்க?"

அவர் யோசித்தார். பட்டாளத்தில் அறிக்கை சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"திங்கள், புதன், வெள்ளி மத்தியானத்துக்கு மேல என் வீட்டுக்காரிக்கு மெஷின். நாலு மணி நேரம். நான் வெளியே பெஞ்சுல இருப்பேன். முடிஞ்சு கண்ணு முழிச்சதும் அவ முதல்ல கேக்கறது, பொண்ணு சாப்டுச்சான்னு. சாப்டுச்சுன்னு சொல்வேன். எனக்குத் தெரியாது. அப்ப அங்க ராத்திரி, அது தூங்கியிருக்கும். போன் பண்ணி எழுப்ப முடியாது. ஆனா சாப்டுச்சுன்னுதான் சொல்வேன். ஏழு வருஷமா சொல்றேன். வீட்டுக்கு வந்து ரொட்டி சுடுவேன். மூணு பேருக்குச் சுட்டுடுவேன். கை பழகிப்போச்சு. மூணாவதை மறுநாள் காலைல நான் சாப்பிடுவேன். இதுதான் சார். எங்க ஊர்ல எல்லா அப்பனும் இப்படித்தான். கூட ஒண்ணும் இல்ல. கூட இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க. சத்தியம் பண்ணிட்டு எப்படிச் சொல்றது?"

மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை தொடங்கித்தான் முடித்தார்.

பெல்ஃபோர்ட் மீண்டும் எழுந்தார். "அம்மணி, பதிவு செய்யணும். சாட்சி தன் மனைவிகிட்ட ஏழு வருஷமாத் தொடர்ந்து பொய் சொல்லி வந்ததா ஒப்புக்கிட்டிருக்கார். அவருடைய நம்பகத்தன்மையை நாங்க கேள்விக்குள்ளாக்கறோம்."

"பதிவாயிடுச்சு" என்றார் நீதிபதி.

"அந்த மூணாவது ரொட்டிக்கும் ஆதாரம் எதுவும் தாக்கல் செய்யப்படல."

நீதிபதி இன்னொரு கைக்குட்டையை உருவினார். தீர்ப்பு தபாலில் வரும் என்று சொல்லி எழுந்தார். திரை அணைந்தது. இந்திரகலா அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடுத்துட்டாரு மாமா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஷட்டரைத் தூக்கினேன். வெளியே நாலு பேர் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

அதன் பிறகு ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் அப்பாவும் மகளும் பழையபடி நான்கு நிமிடம்தான் பேசினார்கள். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாவது வாரம் அம்மா மீண்டும் இயந்திரத்தில் மயங்கினாள். இந்த முறை உடனே சொன்னார்கள். சொன்னதற்கு ஆதாரமாக ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பும்படி வக்கீல் சொல்லியிருந்தார். "அம்மாவுக்கு மயக்கம். நெருக்கமான உரையாடலுக்காகத் தெரிவிக்கப்படுகிறது" என்று அப்பா எழுத்துக்கூட்டி அனுப்பியிருந்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பிரதி எடுத்துக் கோப்பில் சேர்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வக்கீல் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"ஜெயிச்சாச்சு" என்றார். "யாரும் சந்தோஷப்படாதீங்க. எதிர்த்து மேல போக அவங்களுக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கு. பாசம் விசாரணை நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். சண்டை போடாதீங்க. புதுசா குழாய் கிழாய் எதையும் ரிப்பேர் பண்ணாதே தங்கச்சி."

அந்தப் பதினான்கு நாளும் அவள் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது. கீழே வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மாலையும் கடைக்கு வந்து, "ஏதாவது வந்துச்சா மாமா?" என்பாள். நான் இல்லை என்பேன். அவள் முகம் தெளியும். அந்த வழக்கு முழுவதிலும் எதுவும் வராததற்கு அவள் மகிழ்ந்தது அப்போதுதான். பதினான்காம் நாள் முழுக்க அவள் என் கடையிலேயே இருந்தாள். இயந்திரம் தடக்கென்று காகிதம் இழுத்தபோதெல்லாம் தலை திரும்பியது. அங்கே அலுவலகம் மூடுகிற நேரத்தைக் கணக்குப் பார்த்து, அது கடந்து ஒரு மணி நேரமும் காத்திருந்த பிறகுதான் எழுந்தாள். அந்த அலுவலகம் எதிர்க்கவில்லை. இரக்கத்தினால் அல்ல. மேல்முறையீட்டுப் படிவத்தைத் தவறான பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வக்கீல் பிறகு கேள்விப்பட்டார்.

செப்டம்பரில் அவள் கிளம்பினாள். காகிதக் கட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். மிச்சத்தை அவளே போனில் சொன்னாள்.

ஹீத்ரோ விமான நிலையத்தில் வெளியே வந்ததும் முதலில் அம்மாவைத்தான் பார்த்தாளாம். சக்கர நாற்காலியில், கம்பளிக்குள் சுருங்கிப்போய். பதினோரு வருடத்தில் பாதியாகியிருந்தாள். அம்மா கையைப் பிடித்து இழுத்து, மடியில் சாய்த்து, தலையை முகர்ந்து பார்த்தாள். "சாப்டியாடி" என்றாள். அப்பா பின்னால் விறைப்பாக நின்றார். கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"என்னப்பா இது?"

"தீர்ப்பு. முப்பத்தெட்டாவது பத்தியப் படி."

"இங்கேயா? அப்புறம் படிக்கிறேன்பா."

"படி, நானி." எங்கள் ஊரில் மகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பஸ்ல வர்ற வழியெல்லாம் தானே சொல்லிடணும்னு சொல்லிப் பாத்துட்டு வந்தார்" என்றாள் அம்மா. "வாய் வரல. அதான் பேப்பரைக் குடுக்கறார்."

சுற்றிலும் பெட்டி வண்டிகள் உருண்டு போய்க்கொண்டிருந்தன. அவள் நின்றபடியே படித்தாள். தந்தை இதை வழக்கமானது என்கிறார், அவர் அப்படி உண்மையாகவே நம்புகிறார் என்பதை இந்த மன்றம் ஏற்கிறது. எனினும் சாட்சியங்கள் அனைத்தையும் பரிசீலித்ததில், ஜஸ்பகதூர் ராய் தம் மகளை நேசிக்கிற அளவு வழக்கத்துக்கு மேற்பட்டது என்று இந்த மன்றம் முடிவு செய்கிறது. கீழே கையெழுத்து, முத்திரை.

இரண்டு முறை படித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவர் வேறெங்கோ, விமான நேரம் ஓடுகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேரைத் தப்பாப் போட்டிருக்காங்கப்பா" என்றாள், வேறெதுவும் சொல்ல வராமல். "இந்திரகோலான்னு இருக்கு."

அவர் காகிதத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பத்தி முழுவதையும் உதடு அசையப் படித்தார். மறுபடி நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.

"அது ஒண்ணுதான் தப்பு" என்றார்.